பழைய காரில் பேட்டரி இறங்குகிறதா? மீட்டரும் டெஸ்ட் லாம்பும் வைத்து வீட்டிலேயே பார்த்த அனுபவம்

பழைய காரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் வழக்கமாக முதலில் மாறுவது பேட்டரி. கொஞ்ச நாளில் அதுவும் இறங்கும். அடுத்து, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை ஏற்றும் ஆல்டர்நேட்டர் மாறும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். பழுது பெரும்பாலும் இந்த இரண்டு பொருளிலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓடும் கேபிள், கேபிள் நுனியின் உலோக வளையமான லக், மைனஸ் பக்க இணைப்பான எர்த் பட்டை, துருவேறிய போல்ட் இவற்றில்தான் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்க ஒரு மல்டிமீட்டர், 21 வாட் பல்பில் செய்த டெஸ்ட் லாம்ப், டிசி கரண்ட் காட்டும் கிளாம்ப் மீட்டர், ஒரு சார்ஜர் போதும். நாள்பட்ட பயன்பாட்டில் இவை எங்கே கைகொடுக்கின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மல்டிமீட்டர் விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. டிசி வோல்ட்டை இரண்டு தசமம் வரை காட்டினால் போதும். மலிவான மீட்டரில் முதலில் கெடுவது மீட்டர் அல்ல, அதன் புரோப் வயர். கைப்பிடியின் கழுத்தில் உள்ளே அறுந்துவிடும், வெளியே தெரியாது. இன்னொரு தொல்லை, மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கும்போது பல மீட்டர்கள் அளவைக் கூட்டிக் காட்டும். நல்ல ஆல்டர்நேட்டர்கூட ஓவர்சார்ஜ் செய்வதுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் புதிய பென்சில் செல் ஒன்றை அளந்து பாருங்கள், 1.6 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். கரண்ட் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியில் வைத்தால் அது நேரடி ஷார்ட்.

முதல் அளவு, வண்டி ஓடாமல் நிற்கும்போது. ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் 13 வோல்ட்கூடக் காட்டும், அது நிலைக்காது. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டி என்றால் இன்னும் நல்லது. 12.6 முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. முழு சார்ஜில் இருந்தும் போனால் பேட்டரியே பலவீனம். மூடி திறக்கும் வகைப் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இதைவிடத் தெளிவாகச் சொல்லும்: முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லிலும் அடர்த்தி 1.265-க்கு மேல் இருக்கவேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்தப் பேட்டரிக்கு இனி செலவழிக்கவேண்டாம்.

இரண்டாவது அளவு எஞ்சின் ஓடும்போது, சுமார் 2000 ஆர்பிஎம்மில். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் சரி. 13.3-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தொட்டால், ஆல்டர்நேட்டரின் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, வண்டியை அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் குறையும், பல்புகள் வரிசையாகப் போகும். ஒன்றைக் கவனியுங்கள்: குளிர்ந்த எஞ்சினில் 14.4 காட்டும் அதே ரெகுலேட்டர், சூடேறிய பிறகு 13.7-க்கு இறங்குவது பல வண்டிகளில் இயல்பு. வெப்பத்துக்கேற்பக் குறைக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும். ஆல்டர்நேட்டரின் ஏசியை டிசியாக மாற்றும் டயோடு, ரெகுலேட்டர், எஞ்சினை நடத்தும் கணினியான இசியு எல்லாம் அந்த ஒரு நொடியில் போகலாம்.

இனி முக்கியமான வேலை, வோல்ட் இழப்பைப் பார்ப்பது. ஓம் அளவில் கேபிளைச் சோதித்து "கண்டினியூட்டி இருக்கிறது" (இணைப்பு அறுபடவில்லை) என்று திருப்திப்படுவது வீண். துருவேறிய இணைப்பு ஒன்றின் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரின் புரோப் வயரிலேயே 0.2 ஓம் இருக்கும், அதனால் இந்தத் தடை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதே இணைப்பில் 60 ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் அங்கேயே தங்கி, 36 வாட் வெப்பமாகிறது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 1.5 வோல்ட். எனவே பளு ஏற்றித்தான் அளக்கவேண்டும்.

எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் வைத்து ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஆல்டர்நேட்டர் முதுகிலுள்ள தடித்த கேபிள் மாட்டியிருக்கும் ஸ்டட்டின் (திருகுத் தண்டு) நுனியில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரி பிளஸ்ஸின் ஈயத் தூணில் இருக்கட்டும். தூணைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்ல, தூணில். 0.3 வோல்ட்டுக்குள் வந்தால் பிளஸ் பக்கம் சுத்தம். அதைத் தாண்டினால் கருப்பு முனையைத் தூணிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து கேபிள் லக்குக்கு, அங்கிருந்து ஃபியூசிபிள் லிங்க் (முதன்மை லைனின் பெரிய ஃபியூஸ்) பெட்டியின் போல்ட்டுக்கு என்று ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். எந்தப் படியில் எண் சட்டென்று குறைகிறதோ, அங்கேதான் பழுது. மைனஸ் பக்கத்துக்கு ஆல்டர்நேட்டரின் அலுமினிய உடலில் ஒரு முனை, பேட்டரி மைனஸ் தூணில் மறுமுனை, 0.2-க்குள் இருக்கவேண்டும். புரோப், கேபிள் எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டட் நட்டில் ஸ்பானர் போடுவதற்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றவேண்டும். அந்த ஸ்டட்டில் சாவி போடாமலே எப்போதும் 12 வோல்ட் உண்டு.

அனுபவத்தில் மைனஸ் பக்கம்தான் அதிகம் சிக்கும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள பின்னிய எர்த் பட்டை வெளியே முழுதாகத் தெரியும். லக் நுழையும் இடத்தில் பாதி இழைகள் பச்சையாகிப் பொடிந்திருக்கும். எர்த் சரியில்லாதபோது செல்ஃப் கரண்ட் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் சுட்டால், அல்லது அடிக்கடி இறுகினால், முதலில் எர்த் பட்டையைப் பாருங்கள். புதிய பட்டை போடும்போது பாடியிலுள்ள பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கும்வரை எமரி தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் போதும். பின்விளக்கின் எர்த்தும் இதே கதைதான்: இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மங்கலாகச் சேர்ந்து மினுக்கினால் பல்பையும் ஃப்ளாஷரையும் மாற்றவேண்டாம், அந்த எர்த்தைப் பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதற்கு ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா. செல் மூடிகளை இறுக்கிவிட்டு ஊற்றுங்கள், சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

டேஷ்போர்டின் பேட்டரி விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. பழைய ஆல்டர்நேட்டர்களில் அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ரோட்டாருக்கு (உள்ளே சுழலும் காந்தச் சுருள்) முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. பல்பு போய்விட்டால் ஆல்டர்நேட்டர் ஐடிலில் விழிக்காது. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தபிறகு சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், சிலதில் ஏறவே ஏறாது. அழகுக்காக மீட்டர் பல்புகளை எல்இடியாக மாற்றும்போது இந்த ஒன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, சார்ஜ் இல்லை என்று ஆல்டர்நேட்டரைக் கழற்றுகிறவர்கள் நிறைய. இந்த இடத்தில் பழைய இழைப் பல்பே இருக்கட்டும். சாவி போட்டால் எரியவேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். எஞ்சின் ஓடும்போது மங்கலாகக் கனன்றுகொண்டே இருந்தால் டயோடு பழுது, அல்லது சாவி வழியாக வரும் லைனில் வோல்ட் இழப்பு.

பெல்ட்டைச் சொல்லாமல் விடமுடியாது, ஆனால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வி-பெல்ட் பக்கவாட்டில் கண்ணாடிபோல் பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. இறங்கவேண்டும். அதற்கும் மேல் இறுக்கினால் பேரிங் போகும்.

ஆல்டர்நேட்டரைத் திறக்கும் அளவுக்கு வந்துவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது கார்பன் பிரஷ். பல மாடல்களில் ரெகுலேட்டரும் பிரஷ்ஷும் ஒரே துண்டு, பின்னால் இரண்டு மூன்று ஸ்க்ரூ கழற்றினால் கையோடு வரும். பிரஷ் வெளியே நீட்டியிருக்கும் நீளம் 5 மி.மீ.-க்குக் குறைந்தால் மாற்றவேண்டும். குழி ரோட்டில் சார்ஜ் விட்டுவிட்டு வருவது, விளக்கு திடீரென எரிந்து அணைவது எல்லாம் தேய்ந்த பிரஷ்ஷின் அடையாளம். பிரஷ் உரசி ஓடும் செம்பு வளையமான ஸ்லிப் ரிங்கில் கருப்பு படிந்திருந்தால் 400 நம்பர் எமரியால் சுற்றித் துடைக்கலாம். விரல் நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் பிரஷ் மட்டும் மாற்றுவது கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதுதான். இரண்டு ரிங்குக்கும் நடுவில் ரோட்டார் தடை பெரும்பாலும் 2.5 முதல் 4 ஓம் வரை இருக்கும். ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது.

டயோடு போயிருக்கிறதா என்று கழற்றாமலே ஓரளவு சொல்லலாம். ஓடும் எஞ்சினில் விளக்குகளைப் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வையுங்கள். 0.1 அளவில் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் சந்தேகம். சில மலிவு மீட்டர்கள் டிசியையும் ஏசியாகக் கணக்கிட்டு 20-க்கு மேல் ஏதோ காட்டும். அப்படிப்பட்ட மீட்டரில் இந்தச் சோதனை எடுபடாது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆல்டர்நேட்டர் உடம்பு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு வழியாகப் பேட்டரி கசிகிறது.

நிற்கும்போது இறங்கும் பேட்டரிக்குக் கிளாம்ப் மீட்டரைவிட நல்ல துணை கிடையாது. வாங்கும்போது டிசி கரண்ட் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள். ஏசி மட்டும் அளப்பது காருக்கு உதவாது. மைனஸ் கேபிளுக்குப் பக்கத்தில் வைத்து ஜீரோ செய்துவிட்டு மாட்டவேண்டும், ஒவ்வொரு முறையும். கதவு திறந்திருந்தாலும் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடலாம், கதவு மூடியதாக வண்டி எடுத்துக்கொள்ளும். வண்டியின் மின்னணுப் பெட்டிகள் (மாட்யூல்) தூங்குவதற்கு அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 200 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 4.8 ஆம்பியர் அவர் (Ah). 45 ஆம்பியர் அவர் பேட்டரி ஐந்தே நாளில் பாதிக்கு வந்துவிடும்.

கசிவு எந்த லைனில் என்று பார்க்க ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதைவிட, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லி வோல்ட் அளப்பது மேல். ஃபியூஸைத் தொடாததால் தூங்கிய மாட்யூல் எழுந்துகொள்ளாது. 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் தடை ஏறக்குறைய 7 மில்லி ஓம், ஆகவே 0.7 மில்லி வோல்ட் காட்டினால் அந்த லைனில் சுமார் 100 மில்லி ஆம்பியர் போகிறது. டிக்கி விளக்கும் கையுறைப் பெட்டி விளக்கும் பழைய குற்றவாளிகள். அடுத்தது பின்னால் மாட்டிய ஸ்டீரியோ: மஞ்சள் வயர் நினைவகத்துக்கான நிரந்தர லைன், சிவப்பு சாவி லைன், இரண்டையும் சேர்த்து நிரந்தர லைனில் முறுக்கியிருப்பார்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் ஃபியூஸ் இடத்தில் 21 வாட் டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை முழு வெளிச்சத்தில் எரியும், 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது. அந்த லைனின் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது விளக்கு மங்குகிறதோ அதற்குப் பின்னால்தான் உரசல். மஞ்சள் சாக்கெட் கொண்ட ஏர்பேக் வயரிங், இசியு வயரிங் பக்கம் மட்டும் இந்த லாம்ப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

வயர் ஒட்டும் விஷயத்தில் இன்சுலேஷன் டேப்புக்கு என் ஓட்டு கிடையாது. எஞ்சின் சூட்டில் பசை இளகி நழுவும், உள்ளே முறுக்கிய செம்பு கருக்கும். இணைப்பை நசுக்கி இறுக்கும் ராட்செட் கிரிம்பிங் கருவி, உள்ளே பசை தடவி, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், இதுதான் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. வயரை உரித்தால் செம்பு கருப்பாக இருந்தால், பளிச்சென்று வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள்.

ஹெட்லைட் மங்கல் தனிப் பழுது அல்ல, சாவி, சுவிட்ச் வழியாக முழுக் கரண்ட்டும் சுற்றிவருவதன் விளைவு. பல்பில் 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், ஹைபீமுக்கு ஒன்றும் லோபீமுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டால் தீரும். ரிலேயின் கால் எண்களில் 30-ல் பேட்டரி, 87-ல் பல்பு, 85-ம் 86-ம் பழைய சுவிட்ச் லைனும் எர்த்தும்.

கால்சியம் வகைப் (ஈயத் தகட்டில் கால்சியம் கலந்த) பேட்டரி வாங்குவதற்கு முன் உங்கள் ரெகுலேட்டர் தரும் வோல்ட்டைப் பாருங்கள். அந்தப் பேட்டரிகள் 14.4-க்கு மேல் எதிர்பார்ப்பவை, 13.9-ல் நிற்கும் பழைய ரெகுலேட்டரில் முழுதாக ஏறவே ஏறாது. அடியோடு இறங்கிய பேட்டரியை ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று நம்புவதும் ஆல்டர்நேட்டரைச் சூடாக்கும் வேலை. கழற்றி, காற்றோட்டமான இடத்தில் சார்ஜரில் போடுங்கள். 45 ஆம்பியர் அவருக்கு 4.5 ஆம்பியர் போதும். தானியங்கி சார்ஜர்கள் மிகவும் இறங்கிய பேட்டரியைப் பேட்டரி என்றே ஏற்காது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று நல்ல பேட்டரி ஒன்றைச் சில நிமிடம் இணையாகக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

எல்லா அளவும் சரியாக வந்தும் மழை இரவில் நெரிசலில் நிற்கும்போது வோல்ட் 12.5-க்கு இறங்கினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹெட்லைட் 10, புளோயர் 10, வைப்பர் 4, பின்கண்ணாடி 10, ரேடியேட்டர் ஃபேன் 10, இக்னிஷனும் பெட்ரோல் பம்ப்பும் 8 ஆம்பியர். மொத்தம் 52. 55 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் ஐடிலில் அதில் பாதியைத்தான் தரும், மீதி பேட்டரியிலிருந்து போகும். அது பழுது அல்ல. பெரிய ஆல்டர்நேட்டர் மாட்டுவதென்றால் அதற்கேற்ற கேபிளும் ஃபியூசிபிள் லிங்க்கும் சேர்த்து மாற்றவேண்டும். பழைய கேபிளில் கூடுதல் கரண்ட் ஏற்றினால் மேலே சொன்ன வோல்ட் இழப்புதான் கூடும்.