வீட்டிலிருந்து கணக்கெழுத: அலுவலக சர்வரா, இணையக் கணக்கு மென்பொருளா?

கோவையில் ஏழு பேர் பணிபுரியும் எங்கள் கணக்குப் பணி அலுவலகத்தில், பேறுகால விடுப்பு முடிந்து திரும்ப வேண்டிய ஒருவரும், பொள்ளாச்சியிலிருந்து நாள்தோறும் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்துபோன இன்னொருவரும் ஒரே மாதத்தில் வேலையை விட நினைத்தபோதுதான், வீட்டிலிருந்து கணக்கெழுதும் வசதியைப் பற்றித் தீவிரமாக யோசித்தோம். முதல் இரண்டு ஆண்டுகள் டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளை அலுவலக சர்வரில், அதாவது எல்லோரும் பகிரும் மையக் கணினியில் வைத்து, அதைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் வீட்டிலிருந்து திறந்தோம். பிறகு பெரும்பாலான வாடிக்கையாளர்களின் கணக்கை, இணையத்திலேயே இயங்கும் கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸுக்கு மாற்றினோம். இரண்டில் எது என்று கேட்டால், எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு இரண்டாவதையே சொல்வேன்.

செலவில் முதல் வழிக்கே சாதகம். டேலியில் ஒரே உரிமத்துக்குள் எத்தனை வாடிக்கையாளர்களின் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம். ஜோஹோ புக்ஸில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் சந்தா என்பதால், அதை வாடிக்கையாளரே கட்டுமாறு பேசி முடிப்பதற்குச் சில மாதங்கள் ஆயின. பதிவு செய்யும் வேகத்திலும் டேலிதான் முன்னே நிற்கிறது. எஃப்5, எஃப்7, எஃப்8 விசைகளில் விரல் பழகிய ஒருவர் மௌஸைத் தொடாமலே நாள் முழுதும் வவுச்சர் (கணக்குப் பதிவு) போடுவார்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வீட்டிலிருந்து வேலை என்று பெயர் இருந்தாலும், முதல் வழியில் அந்த வேலை நடக்குமிடம் அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஒரு கணினிதான். அது நின்றால், ஐந்து வீடுகளில் மின்சாரமும் இணையமும் இருந்தும் ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பகுதியில் காலை 9 மணிக்குத் தொடங்கினால் மாலை வரை நீளும். யூபிஎஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒரு முறை அந்த நாள், ஜிஎஸ்டிக்கான மாதாந்திர 3பி படிவத்தின் கடைசி நாளான 20ஆம் தேதிக்கு முந்தைய நாளாக அமைந்துவிட்டது. மின்சாரம் திரும்பிய பிறகும் சர்வர் தானாக எழாததால், இரவு ஏழு மணிக்கு நான் அலுவலகம் சென்று அதை இயக்கிய பின்னரே எல்லோரும் வேலையைத் தொடர முடிந்தது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய்தான். ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேரும், அதை வாடிக்கையாளரிடம் சொல்லும் பொறுப்பும் நம்முடையதாகும்.

மின்சாரத்தோடு இது முடிவதில்லை. சாதாரண விண்டோஸ் புரோ கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ரிமோட்டில் நுழையலாம். ஐந்து பேர் ஒரே சமயத்தில் நுழைய விண்டோஸ் சர்வரும் அதற்கான தனி உரிமங்களும் வேண்டும். இணைப்பு எளிதாகட்டும் என்று ரௌட்டரில், ரிமோட் டெஸ்க்டாப்புக்கான இணைய நுழைவழியான 3389 போர்ட்டை நேரடியாகத் திறந்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைவதற்கு நன்கு அறியப்பட்ட வாசல் அது. பாதுகாப்பான தனி இணைப்பான விபிஎன் வைக்க வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், எடுத்த பேக்கப் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றுக்கென்று ஒரு ஆள் இல்லாத அலுவலகத்தில் அந்த ஆள் உரிமையாளராகவே ஆகிவிடுகிறார்.

இணையக் கணக்கில் இந்தச் சுமை முழுவதும் நம் கையை விட்டுப் போகிறது. பொள்ளாச்சியில் மின்சாரம் நின்றால் அந்த ஒருவரின் வேலை மட்டுமே நிற்கும். அவரும் கைப்பேசி இணையத்தில் மடிக்கணினியை இணைத்துத் தொடரலாம். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் தங்குகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு இது கட்டாயம். டேலியிலும் இந்த வசதி உண்டு என்பதால் இதை ஒருபக்கச் சாதகமாகக் காட்ட மாட்டேன்.

நாங்கள் எதிர்பாராத நன்மை காகிதத்தில் கிடைத்தது. சர்வர் வைத்திருந்த காலத்தில் வாடிக்கையாளரின் பில்கள் பையோடு அலுவலகத்துக்கே வந்தன. ஆகவே வீட்டில் இருப்பவருக்காக அவற்றை யாராவது ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. இப்போது வாடிக்கையாளரே கைப்பேசியில் படமெடுத்து ஏற்றுகிறார், பதிவோடு பில்லும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்து செய்யும் வேலை எங்களுக்கு உண்மையில் கைகூடியது இதற்குப் பிறகுதான்.

உற்பத்தி, ஜாப் ஒர்க் (பிறர் தரும் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலை), ஆயிரக்கணக்கான சரக்குப் பெயர்கள் என்று வரும் கணக்குகளில் என் பரிந்துரை இவ்வளவு உறுதியானதன்று. அப்படிப்பட்ட இரண்டே வாடிக்கையாளர்கள் எங்களிடம் உள்ளனர். அவர்களுடைய ஊழியர்கள் டேலியில் ஊறியவர்கள் என்பதால் மாற்ற முயலவில்லை. டேலியையே வாடகை சர்வரில் ஏற்றித் தரும் சேவைகளும் இருக்கின்றன. மின்தடைத் தொல்லை அதில் தீரும் என்று தோன்றினாலும், நாங்கள் அதை ஒரு மாதம் சோதித்துப் பார்த்ததோடு சரி.

அந்த இரு வாடிக்கையாளர்களின் கணக்கை எழுதுபவர்கள் இன்றும் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வர வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைத்த வசதி இவர்களுக்கு மட்டும் இல்லாமல் போவது நியாயமன்று என்பதால், வரும் ஏப்ரல் முதல் அந்தப் பொறுப்பை நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம்.