கைப்பிடிக்குள் பிட் வைக்கும் திருப்புளிகள்: எது கைக்கு உதவுகிறது, எது கடையில் மட்டும் அழகு

மின்விசிறியின் மேல் கப்பை இறக்க ஸ்டூலில் ஏறி நின்றிருந்தேன். கப் நழுவாமல் இடது கை தாங்கியிருக்கிறது, வலது கையில் திருப்புளி. வேண்டியது மைனஸ், மாட்டியிருப்பது ஸ்டார். மைனஸ் பிட் (மாற்றி மாட்டும் குட்டை முனை) கைப்பிடிக்குள்தான் இருக்கிறது, ஆனால் பின்மூடியைத் திருக இரண்டு கை வேண்டும். பல்லால் கடித்துத் திருப்பினேன். மூடி வந்தது, கூடவே உள்ளே இருந்த ஆறு பிட்டும் தரையில் கொட்டின. ஐந்தைப் பொறுக்கி எடுத்துப் போட்டு மூடினேன். காணாமல் போன ஆறாவது எது என்பதே இரண்டு வாரம் கழித்து மிக்ஸியின் அடிப்பக்கத்தைத் திறக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து இந்த மாதிரித் திருப்புளி எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறேன். ஒரு திருகை முடித்துவிட்டு வேறு தலை உள்ள அடுத்த திருகுக்குப் போகும் அந்தச் சில விநாடியில் கை என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது? ஒரு பிட் தொலைந்தால் கருவி அதை எனக்குக் காட்டிக் கொடுக்கிறதா? கடைக்காரர் எப்போதும் "சார், இதுல 32 பிட் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். எண்ணிக்கை எனக்கு மூன்றாம் பட்சம்.

முதலில், நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் டூ-இன்-ஒன். ஒரே கம்பி, ஒரு முனை ஸ்டார், மறுமுனை மைனஸ், உருவித் திருப்பிச் செருகினால் வேலை முடிந்தது. இதில் பிட் வைக்க இடம் என்று தனியாக எதுவுமே இல்லை, பயன்படாத முனை தானாகவே கைப்பிடிக்குள் போய்விடுகிறது, அதனால் தொலையவும் வழியில்லை. இரண்டு கேள்விக்கும் இவ்வளவு சுத்தமான பதிலை விலை அதிகமுள்ள கருவிகளிலும் நான் அதிகம் பார்த்ததில்லை. குறை என்றால் இரண்டே முனைதான். அப்புறம், நாளாக ஆக கைப்பிடியின் வாய் தளர்ந்து கம்பி ஆட ஆரம்பிக்கும், திருகை இழுக்கும்போது கம்பி மட்டும் கையோடு வந்துவிடும்.

இதையே இன்னும் நீட்டியதுதான் சிக்ஸ்-இன்-ஒன் வகை. ஒரு குழாய், அதன் இரண்டு பக்கமும் இருமுனை பிட் ஒவ்வொன்று, குழாயையே உருவித் திருப்பலாம். பிட்டை எடுத்துவிட்டால் குழாயின் அறுகோண வாயே சின்ன நட்டைத் திருகும் பாக்ஸ் ஸ்பேனர் ஆகிவிடும். நான்கு முனை, இரண்டு நட் அளவு, கைப்பிடி தடிக்கவே இல்லை, திறக்க மூடி இல்லை. யோசித்தவரின் கெட்டிக்காரத்தனம் கையில் பிடித்தாலே புரியும். ஆனால் பிட், குழாய், கைப்பிடி என்று மூன்று பொருத்து இருப்பதால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம், அது மூன்றும் சேர்ந்து முனையில் தெரிகிறது. இருமுனை பிட் தேய்ந்தால் அதே அளவில் மாற்று தேடுவது நம் ஊர்க் கடைகளில் எளிதும் இல்லை.

அடுத்தது, என்னைக் கீழே இறங்க வைத்த வகை, பின்மூடி வைத்த பொள்ளல் கைப்பிடி. யோசனை மிகப் பழையது. மரக் கைப்பிடியைக் குடைந்து, திருகு மூடி போட்டு, துளை முனைகளை உள்ளே வைத்த கைத்துரப்பணங்கள் (கை டிரில்) அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பே புழக்கத்தில் இருந்தன. மில்லர்ஸ் ஃபால்ஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றைச் செய்தன. பிலடெல்பியாவின் நார்த் பிரதர்ஸ் 'யாங்கி' என்ற பெயரில் விற்ற, அழுத்தினால் சுழலும் துரப்பணத்திலும் முனைகள் கைப்பிடிக்குள்தான். அங்கே அந்த ஏற்பாடு பொருந்துகிறது, ஏனென்றால் தச்சர் ஒரு அளவு முனையை மாட்டினால் வரிசையாகப் பத்து துளை போட்டுவிட்டுத்தான் அடுத்த அளவுக்குப் போவார். மூடியைத் திறப்பது எப்போதாவதுதான். திருப்புளியின் கதை வேறு. ஒரே ஸ்விட்ச் போர்டில் முகத்தட்டுக்கு ஒரு தலை, உள்ளே முனையத்துக்கு வேறு தலை. ஐந்து நிமிஷத்தில் நாலு தடவை மூடியைத் திறக்க வேண்டும்.

மூடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளங்கை அழுத்தும் இடம் அதுதான். மேலும், திருகு கழலும் திசையும் மூடி கழலும் திசையும் ஒன்றே, இரண்டையும் பின்பக்கமிருந்தே திருப்புவதால். திருகைக் கழற்றும்போது கை வழுக்கினால் மூடி தானாகக் கழன்றுகொண்டே வரும், கூடவே உள்ளங்கைத் தோலும் கன்றிப்போகும். பிட்டுகள் உள்ளே சும்மா குலுங்கும் விலை குறைந்த ரகத்தில் முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி இரண்டுமே தோல்வி.

இந்த இரண்டுக்கும் விடை தேடியவர்கள் மூன்று வழியில் போயிருக்கிறார்கள்.

ஒன்று, பொத்தானை அழுத்தினால் வெளியே வரும் பெட்டகம். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்து வேரா நிறுவனம் செய்யும் கிராஃப்ட்ஃபார்ம் காம்பாக்ட் வரிசையில் இது உண்டு. கைப்பிடியின் பின்னால் இருந்து ஆறு பிட் கொண்ட பெட்டகம் துள்ளி வெளிவரும். வட்டமாக ஆறு இடம், ஒன்று காலி என்றால் பார்த்த உடனே தெரியும். பிளாக் ஃபாரஸ்ட் பகுதியின் ஷோனாக்கில் இருக்கும் வீஹா தன் '26ஒன்'னில் 13 இருமுனை பிட்டுகளை ஒரே கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கிறது, மொத்தம் 26 முனை. அடுக்கிய நேர்த்தி அருமை. ஆனாலும் எனக்கு ஆறு பிட்தான் பிடிக்கிறது. பதின்மூன்றில் வேண்டியதைத் தேட கண் போக வேண்டும், ஆறில் விரலே போய்விடும்.

இரண்டாவது, கனடாக்காரர்களின் வழி. மெகாப்ரோவின் 15-இன்-1ல் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தால் பிட்டுகள் குத்திட்டு நிற்கும் தோட்டாப்பெட்டி மாதிரி ஒன்று நீண்டு வரும், கழன்று வராது. ஏழு இருமுனை பிட். பின்மூடி தனியாகச் சுழல்வதால் உள்ளங்கை கன்றும் பிரச்சினையையும் சேர்த்தே தீர்த்துவிட்டார்கள். யூடியூபில் பிரபலமான லைனஸ் மீடியா குழுமம் 2022ல் வெளியிட்ட ராட்செட் (பிடியை விடாமல் முன்னும் பின்னும் ஆட்டியே திருகும்) திருப்புளியும் மெகாப்ரோவோடு சேர்ந்து செய்ததுதான். அதில் 12 பிட்டுக்கு இடம், அதுவும் எங்கும் கிடைக்கும் கால் அங்குல அடி கொண்ட சாதாரண பிட்டுகளுக்கு. என் கணக்கில் இந்தக் கடைசி விஷயம் பெரிது. இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் அந்த நிறுவனத்தின் பிட் மட்டும்தான் நுழையும் என்றால் ஒன்று தொலைந்த நாளில் அந்தப் பொந்து வெறும் பொந்துதான்.

மூன்றாவதும் கனடாதான், பிக்குவிக். கைப்பிடியைச் சுற்றித் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீள பிட். மூடி இல்லை, பொத்தான் இல்லை, ஸ்பிரிங் இல்லை. மாட்டியிருக்கும் பிட்டை உருவி, அதன் முனையாலேயே வேண்டிய பிட்டைத் தள்ளினால் அது வெளியே வரும். ஒரு நண்பர் ஊருக்கு வந்தபோது கொண்டு வந்ததை ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்த்தேன். பிட்டை எடுப்பதற்கான கருவியே இன்னொரு பிட் என்பதால், பழைய பிட்டைக் கையில் எடுக்காமல் புதிய பிட் வரவே வராது. எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோகும் அந்த ஒரு கணத்தையே வடிவமைப்பு கூடிய மட்டும் சுருக்கிவிடுகிறது. நான் பார்த்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

கனடாவில் ஏன் இவ்வளவு என்று யோசித்திருக்கிறேன். பீட்டர் ராபர்ட்சனின் சதுரக் குழித் திருகு 1908ல் அங்கேதான் பிறந்தது, இன்றும் அங்கே வீட்டுக்கு வீடு அதுதான். 1930களில் அமெரிக்காவிலிருந்து பிலிப்ஸ் (நாம் ஸ்டார் என்பது) வந்தது, பழைய மைனஸும் போகவில்லை. ஒரே சுவரில் மூன்று தலை இருந்தால் ஒரே கைப்பிடியில் மூன்று முனை வேண்டும் என்று தோன்றுவது இயல்புதானே. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

சரி, பிட்டை எந்தப் பக்கமாக நிற்க வைப்பது? சின்ன விஷயம் மாதிரி இருக்கும், தினமும் உறுத்துவது இதுதான். முனை உள்ளேயும் அறுகோண அடி வெளியேயும் இருந்தால் எல்லா பிட்டும் ஒரே மாதிரி தெரியும், ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டும். முனை வெளியே இருந்தால் உடனே தெரியும். அதிலும் பிலிப்ஸும் அதன் சாயலிலேயே இருக்கும் போசிட்ரைவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நல்ல வெளிச்சத்தில்கூடக் குழப்பம்தான், போசிட்ரைவில் நான்கு இறக்கைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய கோட்டைத் தேட வேண்டும். மாற்றிப் போட்டால் திருகின் தலை வழித்துக்கொண்டு போய்விடும். பிட்டின் உடம்பில் எண்ணைப் பெரிதாக அச்சடிப்பவர்கள்மேல் எனக்கு மரியாதையே உண்டு.

இனி, எந்த வகையாக இருந்தாலும் பொதுவான இரண்டு எல்லை. பிட்டின் அறுகோணம் தட்டைக்குத் தட்டை 6.35 மி.மீ., மூலைக்கு மூலை அளந்தால் 7.3 மி.மீ. தாண்டும். அதைச் சுற்றி உலோகச் சுவர் வேண்டும். ஆக, மாட்டும் வாயின் தடிமன் ஒரு சென்டிமீட்டரை நெருங்கிவிடும். மிக்ஸிக்கு அடியில் ஆழமான குறுகலான குழிக்குள் திருகு இருந்தால் 25 மி.மீ. குட்டை பிட் அங்கே போகாது, வாய் குழியின் விளிம்பிலேயே முட்டி நிற்கும். அங்கே ஒற்றைக் கம்பித் திருப்புளிதான், அல்லது நீள பிட் வைத்த பிக்குவிக் மாதிரி. இரண்டாவது, மின்சாரம். இவற்றில் பெரும்பாலானவற்றின் தண்டு வெறும் உலோகம். 1000 வோல்ட் முத்திரை உள்ள, தண்டு முழுக்கக் காப்பு போட்ட திருப்புளியின் இடத்தில் இவை எதையும் வைக்கவே கூடாது. மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகுதான்.

எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் இவை எதையும் தொடமாட்டார். அவரிடம் இருப்பது டெஸ்டர் பல்பு வைத்த ஒரே கைப்பிடியும், பிளாஸ்டிக் உறையில் ஐந்து கம்பிகளும். "மூடி திறக்கிற நேரத்துல நான் ஒரு போர்டே மாட்டிடுவேன் தம்பி" என்றார். உறையை மடக்கும்போது பார்த்தேன், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பை, ஒன்று காலியாக இருந்ததும் விரல் தானாக நின்றது, ஜன்னல் திண்டில் கிடந்த கம்பியை எடுத்துச் செருகிவிட்டுத்தான் உறையை மூடினார். இரண்டாம் கேள்விக்கு அந்த மலிவான உறை சரியான பதில். ஸ்டூல் மேல் நிற்கும்போதுதான் அது எட்டாத தூரத்தில் இருக்கும்.

வேறு கருவிகளிலும் இதே போட்டி உண்டு. குழாய்ச் சட்ட ஹேக்ஸா சிலவற்றில் மாற்று பிளேடுகள் சட்டத்துக்குள்ளேயே இருக்கும், நல்ல ஏற்பாடு, அடிக்கடி மாற்றுவதில்லை என்பதால் திறக்கும் சிரமம் உறைக்காது. ஸ்க்ரூ கழற்றித் திறக்கும் கட்டர் கத்தியில் பிளேடு உள்ளே பத்திரம், ஆனால் மொட்டையான பிளேடோடு இழுத்துக்கொண்டே இருப்போம், திறக்க அலுப்பு. ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா 1956ல் செய்த ஒடிக்கும் பிளேடு இந்த அலுப்பையே இல்லாமல் செய்தது. சாக்லேட் கட்டியின் கோடுகளும், உடைந்த கண்ணாடித் துண்டால் வெட்டும் செருப்புத் தொழிலாளிகளும் அவருக்கு யோசனை கொடுத்ததாகச் சொல்வார்கள். அடுத்த பிளேடு இந்த பிளேடின் வாலிலேயே இருக்கிறது. பட்டென்று ஒடித்தால் புது முனை. அதுதான் பிறகு ஓல்ஃபா ஆனது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் பதில் இது. வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் ஆறு பிட் பெட்டகம், முனை வெளியே பார்க்கும் ரகம், சாதாரண கால் அங்குல பிட் நுழைவதாக இருக்க வேண்டும். அந்த விலை இப்போது வேண்டாம் என்றால் நல்ல இரும்பில் செய்த டூ-இன்-ஒன்னே போதும். பொள்ளல் மூடி வகையைப் புதிதாக வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் நான் செய்ததைச் செய்து பார்க்கலாம். பெரிய அழிப்பானை கைப்பிடிக்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்கு வட்டமாக வெட்டி, அதில் ஆறு துளை போட்டு, ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன். பிட் நிற்கும்போது சிவப்பு மறைந்துவிடும். இப்போது மூடுவதற்கு முன் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கிறேன், தெரிந்தால் ஸ்டூலை விட்டு இறங்குவதில்லை.