பழைய டீசல் வேனில் ஆயில் கசிவு: கியர்பாக்ஸை இறக்காமல் சரிசெய்த அனுபவம்

ஊத்துக்குளி, குன்னத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமையானால் பண்ணாரி, பழனி என்று கோயில் வாடகை. வண்டிக்கு வயதாகிவிட்டது, ஆனால் இன்ஜினில் இழுவை குறையவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தின் அடியில் ஆயில் சொட்டத் தொடங்கியதும் ஒரு பட்டறையில் காட்டினோம். கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்றார்கள். சீல் பெரிய விலை இல்லை. இறக்கி ஏற்றும் கூலியும், வண்டி நிற்கும் நாட்களின் வருமானமும்தான் கையைக் கடிக்கும்.

அப்புறம் பெருந்துறையில் எங்களுக்கு நீண்ட நாள் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனோம். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "சீல அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல இன்ஜினக் கழுவிட்டு வாங்க."

பழைய இன்ஜினில் ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. கசிந்த ஆயில் கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எங்கே கசிந்தாலும் பெரும்பாலும் கடைசியில் பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற கூடு) அடியில் வந்துதான் சொட்டும். அதனால் சொட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இன்ஜின் ஆறியதும் டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பாலித்தீன் கவரால் கட்டிவிட்டுக் கழுவினோம். காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தோம். பவுடர் நனைந்த இடங்களில் ஆக மேலே இருப்பதுதான் கணக்கு. எங்கள் வண்டியில் அது டேப்பெட் கவரின் (இன்ஜின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் தகரம்) பின்மூலை. அங்கிருந்து பிளாக்கின் முதுகு வழியாக ஆயில் இறங்கி, சீல் போனது போலவே காட்டியிருக்கிறது.

அந்தக் கவருக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கும் பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு விட்டிருந்தால் கசிவு திரும்ப வந்திருக்கும். அண்ணன் அடுத்துக் கழற்றியது பிரீதர் குழாயை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை எல்லா இன்ஜினிலும் கொஞ்சம் இருக்கும். பழைய டீசலில் கூடுதலாகவே இருக்கும். அது பிரீதர் வழியாக வெளியே போக வேண்டும். எங்கள் குழாயில் கறுப்புப் பிசின் அடைத்து, விரல் நுழையும் இடத்தில் குச்சிதான் நுழைந்தது. விசில் அடைத்த குக்கர் மாதிரி உள்ளே அழுத்தம் ஏறி, எந்த ஓரம் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளியிருக்கிறது. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது மட்டும் கசிவு அதிகமாக இருந்ததற்கும் இதுதான் காரணம்: சூட்டில் ஆயில் இளகும், பாரத்தில் அந்தப் புகையும் கூடும். குழாய் கல்லாகியிருந்ததால் கழுவி மாட்டாமல் புதிதே போட்டோம்.

டேப்பெட் கவருக்குக் கார்க் பேக்கிங், ரப்பர் பேக்கிங் இரண்டும் கிடைத்தது. ரப்பரை எடுத்தோம். கார்க் காய்ந்து சுருங்கும் என்பது பழைய பேக்கிங்கைக் கழற்றும்போதே தெரிந்தது, கையில் தூளாக உதிர்ந்தது. பேக்கிங்கை விட முக்கியம் அது உட்காரும் இடம். பழைய துணுக்குகளைச் சுரண்டி, துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, தகரக் கவரின் ஓரத்தைச் சமதளத்தில் வைத்துப் பார்த்தோம். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி ஓரம் குழிந்திருந்தது, யாரோ முன்பு இழுத்து முறுக்கிய வேலை. சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கிய பிறகே மாட்டினோம். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். சீலண்டை மூலைகளில் மட்டும் மெல்லிசாகப் பூசினார். அதிகம் பூசினால் உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து, சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியை அடைக்கும். அப்புறம் இன்ஜினே போய்விடும். பூசிய பின் ஒரு இரவு வண்டியை நிறுத்தி வைத்தது நல்லதாகப் போயிற்று.

இதெல்லாம் முடிந்து சில வருடம் ஆகிவிட்டது. கோடையும் ஐப்பசி மழையும் பார்த்த அந்த ரப்பர் பேக்கிங்கில் இன்னும் ஆயில் ஈரமே இல்லை. ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்ப்பது எங்களுக்கு இப்போது கட்டாய வேலை. எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) உண்டு, அதற்காக இன்ஜினைத் துடைக்கும்போது கசிவுத் தடம் இருக்கிறதா என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவேன். கசிவை நிறுத்தும் என்று விற்கும் மருந்தை நாங்கள் ஊற்றவில்லை. அது இறுகிய ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக்கலாம். உதிர்ந்த கார்க்கையோ அடைத்த பிரீதரையோ அது ஒன்றும் செய்யாது.

இதே அறிகுறி காட்டும் இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆயில் பிரஷர் சுவிட்ச்: ஒயரைக் கழற்றினால் முனையில் ஆயில் ஈரம் இருக்கும், சுவிட்சை மாற்றினால் போதும். பல டீசல் வேன்களில் ஆல்டர்னேட்டர் முதுகில் வேக்குவம் பம்ப் உண்டு. அதற்கு ஆயில் போகும், வரும் குழாய்களும் கசியும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டர் அந்தப் பம்ப்பை நம்பித்தான் இருக்கிறது, அதைத் தள்ளிப் போடாதீர்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் ஆயில் சொட்டினாலும் அன்றே பார்க்க வேண்டும், தீப்பிடிக்கும்.

இப்போது எங்கள் வண்டியில் முன் புல்லி சீலில் மட்டும் லேசான ஈரம். வால்வுகளைப் பெல்ட்டுக்குப் பதில் பல்சக்கரம் ஓட்டும் டைமிங் கியர் இன்ஜின் என்பதால் அடுத்த எஃப்.சி. வேலை வரைக்கும் அதை விட்டிருக்கிறேன். டைமிங் பெல்ட் இன்ஜின் வைத்திருப்பவர்கள் அப்படி விடக் கூடாது. ஆயிலில் ஊறிய பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும்.