ராணுவ லாரிக்குக் கதவு விளக்கு: டோர் சுவிட்சா, காந்தமா, சென்சாரா?

ராணுவம் கழித்துவிட்ட லாரியை ஏலத்தில் எடுத்தவர்கள் முதலில் தேடுவது டயரையும் டீசல் பம்பையும்தான். கதவைத் திறந்தால் தானாக எரியும் விளக்கு அதில் இல்லை என்பது முதல் ராத்திரி வேலையில்தான் தெரியும். இருட்டில் நிற்கும் ராணுவ வண்டியின் கதவு திறந்ததும் வெளிச்சம் வெளியே பாய்ந்தால், வண்டி எங்கே நிற்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்துவிடும். கூரை விளக்கு இருந்தாலும் அதைக் கையால் போட வேண்டும் என்று வைப்பது அதற்காகத்தான். அதே வண்டி இப்போது சென்னை மாதவரம் பக்கம் பிரேக்டவுன் கிரேனாகவோ நடமாடும் பட்டறையாகவோ ஓடும்போது, ஐப்பசி மழையில் நனைந்தபடி ஸ்பேனர் தேடுபவருக்கு அந்த விளக்கு வேண்டும்.

எந்தச் சுவிட்ச் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது வோல்டேஜ். அசோக் லேலண்ட் ஸ்டாலியன் போன்ற வண்டிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. இன்ஜின் ஓடும்போது அது 28 வோல்ட்டைத் தொடும். இரண்டாவது எர்த். பாடியே நெகட்டிவ்வாக இருக்கிறதா, அல்லது போக ஒன்று, வர ஒன்று என இரட்டை ஒயரா? மிகப் பழைய வண்டியில் பாசிட்டிவ் எர்த்தாகவும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் வாங்கும் எந்தச் சுவிட்சும் வீண் செலவு.

விளக்கில்தான் பெரும்பாலோர் முதல் தவறைச் செய்கிறார்கள். கார் விளக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பார்கள். விளக்கு எரியும், பேட்டரி சாகும். கரண்ட் கொடுத்த பேட்டரி எப்போதும் அரைகுறை சார்ஜில் நிற்கும். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்த 28 வோல்ட் மட்டும்தான் என்பதால், மற்ற பேட்டரி தன் பங்குக்கு மேல் வாங்கிக் கொதிக்கும். கடைசியில் ஜோடியாகவே மாற்ற வேண்டி வரும்.

இரண்டாவது தவறு, வீட்டு அலங்காரத்துக்கு விற்கும் 24 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டுவது. அதில் ஆறு எல்இடிகள் ஒரு ரெசிஸ்டரோடு தொடராக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்இடிகள் சுமார் 18 வோல்ட் எடுத்துக்கொள்ள, ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 6 வோல்ட். சார்ஜ் ஏறும்போது சப்ளை 28.5 ஆனால் அந்த 6 வோல்ட் 10.5 ஆகிவிடும். அதாவது எல்இடி வழியாக ஓடும் கரண்ட் முக்கால் பங்கு கூடுகிறது. முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மஞ்சளடித்து, ஒரு துண்டு ஒரு துண்டாக அணையும். '10–30 வோல்ட்' என்று அச்சிட்ட, உள்ளேயே கரண்டைக் கட்டுப்படுத்தும் லாரி கூரை விளக்கைக் கேட்டு வாங்குங்கள். கேபினுக்கு 3 வாட் போதும். 24 வோல்ட்டில் அது 0.125 ஆம்பியர்தான். இந்தச் சின்ன எண்தான் கீழே வரும் எல்லாத் தேர்வையும் சுலபமாக்குகிறது.

டோர் சுவிட்சும் காந்தச் சுவிட்சும்

கார்க்கதவு நிலையில் ரப்பர் தொப்பியோடு துருத்திக்கொண்டிருக்கும் டோர் சுவிட்சை எல்லாருக்கும் தெரியும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரே ஒயர், பாடியில் ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கினால் அதுவே எர்த். கதவு மூடும்போது பின் உள்ளே போய் இணைப்பை அறுக்கும், திறந்தால் இணைக்கும். பல்பு எரியத் தொடங்கும்போது இழுக்கும் கூடுதல் கரண்டைத் தாங்கும். சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து எதுவும் குடிக்காது.

குறைகள் மூன்று. ராணுவ வண்டியில் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். சுவிட்சின் காலர் உட்காரும் இடத்தில் இரும்பு தெரியும்வரை சுரண்டாவிட்டால் எர்த் கிடைக்காது. சுரண்டினாலோ எண்ணூர் காற்றிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக் காற்றிலும் அந்த வளையம் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். அடுத்தது கீல். கனமான இரும்புக் கதவு காலப்போக்கில் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும், பின் நேராக அழுந்தாமல் சாய்வாக அழுந்தி ஒரு பக்கம் தேய்ந்து சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தச் சுவிட்ச் எர்த் பக்கத்தை இணைக்கிறது, விளக்குக்குப் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும். சுவிட்ச் ஒயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டால் பியூஸ் போகாது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பகல் வெயிலில் யார் கண்ணிலும் படாது.

காந்தச் சுவிட்ச் என்பது வீட்டு அலாரத்தில் வரும் ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு மெல்லிய தகடுகள், எதிரே ஒரு காந்தம். சுவிட்சைக் கதவு நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் பொருத்துவதால் கீலைத் தாண்டி ஒயர் போக வேண்டியதில்லை. உப்புக்காற்று உள்ளே போக முடியாது. கதவு கொஞ்சம் இறங்கியிருந்தாலும் வேலை செய்யும். பாடியைத் தொடாத சுவிட்ச் என்பதால் பாசிட்டிவ் பக்கத்திலேயே வைக்கலாம், இரட்டை ஒயர் வண்டிக்கும் பொருந்தும். விளக்கு ஒயர் உரசினால் பியூஸ் உடனே போய்த் தகவல் சொல்லும்.

ஆனால் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அலாரக் கடையில் 'என்சி' என்றால் காந்தம் பக்கத்தில் இருக்கும்போது, அதாவது கதவு மூடியிருக்கும்போது இணைந்திருப்பது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். மூன்று ஒயர் உள்ள சேஞ்ச்ஓவர் வகையைக் கேளுங்கள். கடையிலேயே மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, காந்தத்தை விலக்கும்போது எந்த ஜோடி ஒலிக்கிறதோ அந்த ஜோடியைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறான வகையை வாங்கிவிட்டு, ரிலேயின் 87ஏ முனையை (காயிலில் கரண்ட் இல்லாதபோது இணைந்திருக்கும் முனை) வைத்துத் தலைகீழாக்குவது ரொம்பப் பேர் சொல்லும் யோசனை. அதைச் செய்யாதீர்கள். கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் ரிலே காயில் சுமார் 80 மில்லிஆம்பியர் குடிக்கும். முப்பது நாள் நின்றால் 58 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் அது. எப்போதாவது கிளம்பும் இந்த வகை லாரிக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொன்று: சாதாரண ரீட் 0.5 ஆம்பியருக்குத்தான். 10 வாட் பல்பு எரியும்போது எடுப்பது 0.42 ஆம்பியர் என்பதால் தாங்கும் போலத் தோன்றும். குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரீடின் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், கதவை மூடினாலும் விளக்கு அணையாது. எல்இடி விளக்குக்குள் இருக்கும் கெபாசிட்டரும் சின்ன அளவில் இதையே செய்யும். சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவே 47 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் அந்த முதல் அடி வெகுவாக அடங்கும்.

ரீடை இரும்பின் மேல் நேராக ஒட்டினால் காந்தப்புலத்தை இரும்பே இழுத்துக்கொள்ளும், அது வந்த அட்டையில் அச்சிட்ட இடைவெளியில் பாதிதான் கிடைக்கும். சுவிட்சுக்கும் காந்தத்துக்கும் அடியில் 6 மி.மீ. அக்ரிலிக் துண்டு வைத்து, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். ரோலிங் ஷட்டருக்கு விற்கும் பெரிய காந்த வகை இருந்தால் இந்தக் கவலை குறையும். கிரைண்டிங் வேலை நடக்கும் வண்டியில் காந்தத்தின் மேல் இரும்புத்தூள் மீசை போல வளரும். அவ்வப்போது துடைத்துவிட வேண்டும்.

பின்பக்கப் பெட்டிக்கு

பட்டறைப் பெட்டியின் பின்கதவு ஆடும், அதிரும், காலால் உதைத்து மூடப்படும். ரோலர் வைத்த மைக்ரோ சுவிட்சை இங்கே பலர் பொருத்துகிறார்கள். தண்ணீர் புகாத வகை கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் சாமான் இறக்கும்போது அந்த லீவர் வளைந்துவிடும். வளைந்தால் கதை முடிந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் இண்டக்டிவ் ப்ராக்ஸிமிட்டி சென்சார் இந்த இடத்துக்கு நல்ல பொருள். கதவின் இரும்பே அதற்கு அடையாளம், காந்தமோ லீவரோ வேண்டாம். எல்ஜே18ஏ3-8 வகை 18 மி.மீ. தடிமன், 8 மி.மீ. தூரம் வரை இரும்பை உணரும், 6–36 வோல்ட்டில் வேலை செய்யும். கதவு ஆடுவதை மனதில் வைத்து 4 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். கடைசி எழுத்துகளைப் பார்த்து வாங்குவது முக்கியம்: 'பிஎக்ஸ்' என்றால் இரும்பு எதிரே வந்தால் இணையும், நமக்குத் தலைகீழாக எரியும். வேண்டியது 'ஏஎக்ஸ்', இரும்பு விலகினால் இணையும். பிரவுன் ஒயர் பாசிட்டிவ், நீலம் நெகட்டிவ், விளக்கை பிரவுனுக்கும் கறுப்புக்கும் நடுவே இணைக்க வேண்டும். சுமை 200 மில்லிஆம்பியருக்குள் இருக்கட்டும்.

குறை ஒன்றுதான், சென்சார் தூங்குவதில்லை. 10 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் மாதத்துக்கு 7 ஆம்பியர்-மணி. தினமும் ஓடும் கிரேனுக்கு இது ஒன்றுமில்லை. மாசக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குப் பின்கதவிலும் பெரிய காந்த ரீடே போடுங்கள்.

ஆள் அசைந்தால் எரியும், பேட்டரி போட்ட ஒட்டு விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒயரிங்கே வேண்டாம் என்பவர்களுக்கு அது ஆகும். சித்திரை வெயிலில் மூடிய இரும்புக் கேபினுக்குள் அதன் பசையும் விடும், செல்லும் கசியும்.

ஆக, கேபின் கதவு இரண்டுக்கும் சேஞ்ச்ஓவர் ரீட், இதில் தயக்கமே வேண்டாம். வண்டியைப் பழைய தோற்றம் கெடாமல் பாதுகாக்க நினைப்பவர் மட்டும் டோர் சுவிட்ச் பக்கம் போகலாம். அப்போதும் பாடி எர்த்தை நம்பாமல் காலரிலிருந்து தனி எர்த் ஒயர் இழுத்து, ஓட்டையின் விளிம்பில் ப்ரைமர் அடித்து, வாசலின் தடவி மூடுங்கள்.

ஒயரிங்

பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சுக்குப் பிறகு சப்ளை எடுத்தால், அதை அணைத்துவிட்டுப் போன வண்டியில் ராத்திரி ஏறும்போது விளக்கு வராது. முன்னால் எடுத்தால் எப்போதும் வரும், ஆனால் ஒயர் எப்போதும் உயிரோடு இருக்கும். முன்னால் எடுப்பதென்றால் 2 ஆம்பியர் பியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். 1 சதுர மி.மீ. ஒயர் போதும். தகட்டைத் துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் கிராமெட். கேபின் முன்பக்கம் சாயும் வண்டியானால், சாயும் இடத்தில் ஒரு முழ நீளம் ஒயரைத் தளர்வாக வளைத்து விடுங்கள், இல்லையென்றால் முதல் சர்வீசிலேயே அறுந்துவிடும்.

பியூசுக்கு அடுத்து மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று: மேலே நேரடியாக எரியும், கீழே கதவு வழியாக எரியும், நடுவே முழுதாக அணையும். இரண்டு கதவின் ரீடுகளையும் பேரலலாக இணைத்தால், எது திறந்தாலும் விளக்கு வரும். நடு நிலையை மறக்காதீர்கள். கதவைத் திறந்து போட்டு நாள் முழுக்கச் சரக்கு ஏற்றும்போது அதுதான் பேட்டரியைக் காப்பாற்றும்.

எல்லாம் பொருத்திய பிறகு பியூசைக் கழற்றி, அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துக் கதவுகளை மூடுங்கள். ரீட் மட்டும் போட்டிருந்தால் சுழி காட்ட வேண்டும், சென்சார் இருந்தால் 10 மில்லிஆம்பியர் அளவு. அதற்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு கதவில் காந்தம் எட்டவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கதவாக உள்ளே அழுத்தச் சொல்லுங்கள், எந்தக் கதவை அழுத்தும்போது எண் விழுகிறதோ அங்கே அக்ரிலிக் துண்டை இன்னும் 2 மி.மீ. தடிமனாக்குங்கள்.