அடுப்படி அம்புஜம்: ஆறு வருடப் பயன்பாட்டு அனுபவம்

மிக்ஸி வாங்கி ஒரு வருஷம் ஆனதும் எழுதுகிறார்கள். இன்வெர்ட்டர் வாங்கி மூன்று வருஷம் ஆனதும் எழுதுகிறார்கள். நான் ஆறு வருஷம் தினமும் கையாண்ட பொருள் ஒரு புனைபெயர். 2017 ஜூனில் கைக்கு வந்தது, 2023 ஆகஸ்டில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கினேன் என்று சொல்ல முடியாது, ஆபீஸ் கொடுத்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் உபயோகித்தது, இருவரும் ஆண்கள். சினிமா கிசுகிசு எழுத வரலாமா என்று அவ்வப்போது கேட்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி மாளவில்லை. அதனால் இது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோவில்பட்டியிலிருந்து எம்.ஏ. தமிழோடு வந்து வடபழனியில் ஹாஸ்டல். சாலிகிராமத்தில் ஒரு மாடியில் இயங்கிய சினிமா இணையதளத்தில் மாதம் 14,000 ரூபாய். படப் பெயர், தேதி, ட்ரெய்லர் செய்தி எல்லாம் 'நமது நிருபர்' என்று போகும். கிசுகிசு மட்டும் 'அடுப்படி அம்புஜம்'. வாசகர்கள் அவளை ஐம்பது தாண்டிய, வெற்றிலை போடுகிற ஒரு அக்காவாகவே வைத்திருந்தார்கள். "அம்புஜம் அக்கா, உங்க காலத்து நடிகைகளைப் பத்தி எழுதுங்க" என்று கடிதம் வரும். என் காலம் என்றால் பிளஸ் டூ.

முதல் நாள் ஆசிரியர் ஒரு கதை சொன்னார். இந்தத் தொழிலில் யார் சேர்ந்தாலும் சொல்லப்படுகிற கதை அது. சி.என். லட்சுமிகாந்தன் என்று ஒருவர், 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்று பத்திரிகை நடத்தி நட்சத்திரங்களின் படுக்கையறையை எழுதி விற்றார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்ஷாவில் போகும்போது கத்திக்குத்து, மறுநாள் மரணம். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய், 1947 ஏப்ரலில்தான் விடுதலை ஆனார்கள். அந்த 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது, பாகவதர் சிறைக்குள் இருந்தார். வெளியே வந்தபின் பழைய இடம் கிடைக்கவில்லை, 1959இல் நாற்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார். ஆசிரியர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா பேப்பர் என்னமா வித்திருக்கு தெரியுமா?" என்றார். நானும் அதைத்தான் டைரியில் குறித்துக்கொண்டேன்.

இனி பொருளைப் பற்றி. பயன்படுத்தச் சுலபம். பெயர் போடக் கூடாது, ஆனால் படிக்கிறவருக்குப் பெயர் தெரிந்தாக வேண்டும். மூன்றெழுத்து நடிகை, வாரிசு நடிகர், அக்கட தேசத்து வரவு, சின்னத்திரையிலிருந்து வந்தவர் என்று ஒரு தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதோடு மூன்று துப்பு சேர்க்க வேண்டும்: ஒன்று பத்துப் பேருக்குப் பொருந்துவது, ஒன்று இரண்டு பேருக்குப் பொருந்துவது, ஒன்று யாருக்குமே பொருந்தாதது. கடைசித் துப்பு வக்கீலுக்காக. எழுத்து எண்ணும்போது மெய்யெழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் தனியாக மீட்டிங்கே நடந்தது. தமிழ் இலக்கியம் படித்ததற்கு அந்த ஆபீஸில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அன்றுதான்.

ஆனால் முக்கியமான வசதி 'ஆம்' விகுதி. 'காதலிக்கிறார்' என்றால் யார் சொன்னது, எங்கே ஆதாரம் என்று கேள்வி வரும். 'காதலிக்கிறாராம்' என்றால் ஊர் சொல்கிறது, நான் எடுத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஒரே ஒரு 'ஆம்' போட்டதும் பொறுப்பு கைமாறிவிடும். இங்கிலீஷ்காரர்கள் இதற்குத் தனியாக வார்த்தை செலவழிக்க வேண்டியிருக்கும். பாவம். நாளைக்கு மூன்று கிசுகிசு, வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆறு வருஷத்தில் எத்தனை 'ஆம்' போட்டிருப்பேன் என்று எண்ண எனக்குத் தைரியமில்லை.

செய்தி எங்கிருந்து வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நடிகைகள் வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறோம் என்று நினைப்பு. கேரவன் டிரைவர், காஸ்ட்யூம் உதவியாளர், புரொடக்‌ஷன் மேனேஜர், இவர்களிடமிருந்து பாதி. மீதிப் பாதி, படத்துக்கு விளம்பரம் தேடித் தருகிற பி.ஆர்.ஓ.க்களே (மக்கள் தொடர்பாளர்கள்) கொடுப்பது. "சிஸ்டர், ஒரு மேட்டர் இருக்கு. நம்ம ஹீரோவையும் அந்தப் பொண்ணையும் கொஞ்சம் இணைச்சுப் போடுங்களேன், பாட்டு ரிலீஸ் வருது" என்பார்கள். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வேலை பார்த்ததிலிருந்துதான் தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. என்று ஒரு பதவி. அவர் பத்திரிகைகளுக்குப் புகைப்படம் கொண்டுபோனார். அறுபது வருஷத்தில் சரக்கு மாறிவிட்டது. இப்படித் திட்டமிட்டுத் தரப்பட்ட கிசுகிசுக்களை எழுதியதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. சம்பந்தப்பட்ட இருவரும் அதைப் படித்துச் சிரித்திருப்பார்கள்.

குறை என்றால் முதலில் சுவரில் மாட்டியிருந்த திரையைச் சொல்ல வேண்டும். இந்த நிமிஷம் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அதில் ஓடும். ராத்திரி ஒன்பது மணி உச்சம், சாப்பிட்டுவிட்டு ஜனங்கள் படுக்கையில் போனோடு சாய்கிற நேரம். நான் ஒரு வாரம் அலைந்து ஒரு பழைய ஸ்டன்ட் கலைஞரைப் பற்றி எழுதியதை ஒரே சமயத்தில் அதிகபட்சம் 31 பேர் படித்தார்கள். அம்புஜம் பத்து நிமிஷத்தில் எழுதியதற்கு 4,000. நியூயார்க்கில் காக்கர் என்றொரு கிசுகிசுத் தளம் இருந்தது. அங்கேயும் இப்படி ஒரு பெரிய பலகை, அதைப் பார்த்து எழுத்தாளர்களுக்கு போனஸ். கிளம்பியபோது அது ஊடகப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்கிற துடுக்கான தளம்தான். கடைசியில் ஒரு மல்யுத்த வீரரின் அந்தரங்க வீடியோவைப் போட்டு, 2016 மார்ச்சில் நீதிமன்ற நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு தீட்ட, ஆகஸ்டில் தளம் மூடப்பட்டது. நான் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். அந்த வழக்கைப் பற்றிப் படித்திருந்தேன், அது பணக்காரர்களின் சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நான் 'நமது நிருபர்' என்று மட்டும் தெரியும். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா போனைப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவுக்கு அம்புஜத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஏளா, இந்தப் பொம்பளை என்னமா எழுதுதா பாரேன். வாயத் தொறந்தா விஷம். ஆனா படிக்காம இருக்க முடியலயே." அன்று என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனத்தைவிடச் சரியான ஒன்று பிறகு கிடைக்கவில்லை. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பெயர்ப் பொருத்தம்.

2020 மார்ச்சில் தியேட்டர்களை மூடினார்கள், தமிழ்நாட்டில் திறக்க நவம்பர் 10 ஆனது. படமே இல்லாத எட்டு மாதத்தில் ஆபீஸ் யூடியூபுக்குத் தாவியது, என்னைக் கேமரா முன் உட்கார வைத்தார்கள். சொந்தப் பெயர், காட்டன் புடவை, நிதானமான கேள்விகள். "மற்ற ஆங்கர்கள் மாதிரி அந்தரங்கம் கேட்காத பெண்" என்று பெயர் வந்தது. மெட்ரோவில் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பகலில் அந்தரங்கம் கேட்காததற்குப் பாராட்டு, ராத்திரி ஒன்பதுக்கு அம்புஜம். இரண்டும் ஒரே லேப்டாப்பில் இரண்டு ஜன்னல். இதில் எனக்கு உறுத்தல் இருந்ததா என்றால், உண்மையாகவே, அப்போது இல்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது. என்னைப் பற்றியே ஒரு சானல் "கண்ணாடி போட்ட புடவை ஆங்கர்" என்று எழுதியபோதுகூட, துப்பு சரியில்லையே, இரண்டாவது துப்பை இன்னும் இறுக்கியிருக்கலாமே என்றுதான் மனசு போனது.

2021இல் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். சீரியலிலிருந்து வந்தவர், கொங்கு நாட்டுக்காரர், இரண்டு படம் முடித்தவர், கோயிலில் ரகசியத் திருமணம் செய்துகொண்டாராம். செய்தி உண்மை, எனக்குச் சொன்னவர் அந்தக் கல்யாணத்துக்கே போனவர். ஆனால் துப்பு இரண்டு பேருக்குப் பொருந்தியது. வாசகர்கள் இன்னொருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் போட்டோவோடு பத்து சானல்கள் தம்நெயில் போட்டன. எங்கள் பக்கத்தில் அவள் பெயர் கிடையாது என்பதால் ஆபீஸில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் பெண் பட விளம்பரத்துக்காக என் பேட்டிக்கு வந்தாள். சின்னப் பெண், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். பேட்டி முடிந்து மைக்கைக் கழற்றும்போது தானாகவே ஆரம்பித்தாள்: "அக்கா, நீங்க மத்தவங்க மாதிரி இல்லீங்க, அதனால சொல்றேன். அம்புஜம்னு ஒருத்தி எழுதறாளே, அவளைப் பார்த்தா ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்ங்க. என் பேரைப் போட்டுப் பொய் எழுதியிருந்தா, பொய்யின்னு சொல்லிருப்பேனுங்க. பேரே போடலீங்களே. நான் எதைப் போய் இல்லைன்னு சொல்றது? சொன்னா, உன்னைத்தான்னு யாரு சொன்னாங்கறாங்க. எங்க அப்பாரு மில்லுக்குப் போறதையே நிறுத்திட்டாருங்க."

நான் "ச்சே, விடும்மா" என்றேன். அதுதான் சொன்னேன். கேமராமேன் லைட்டை அணைத்துக்கொண்டிருந்தார்.

பெயர் போடாததைத்தான் இத்தனை வருஷம் என் நேர்மை என்று வைத்திருந்தேன். நாங்கள் பெயர் போட மாட்டோம், எங்களுக்கு ஒரு எல்லை உண்டு என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த ராத்திரி திருத்தம் எழுத உட்கார்ந்தேன். 'நாம் குறிப்பிட்டது அவரை அல்ல' என்று எழுதினால், 'அவர்' யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால், இதுவரை படிக்காதவர்களும் தேடிப் படிப்பார்கள். அவளில்லை என்றால் மற்றவள்தான் என்று ஆகும், அந்த மற்றவள் தன் கல்யாணத்தை மறைப்பதற்கு அவளுக்கு என்ன காரணமோ. 'ஆம்' போட்டும் எழுதிப் பார்த்தேன்: 'அது இவர் இல்லையாம்.' இன்னும் கேவலமாக இருந்தது. பழைய குறிப்பை நீக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டேன், நீக்கினார். பத்து சானல்களின் தம்நெயில்கள் அப்படியே இருக்கின்றன.

பிறகு வேறொரு குறிப்புக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆபீஸ் வக்கீலிடம் கூட்டிப்போனார்கள். "பேர் போடலியே சார், 'ஆம்'னுதானே சார் எழுதியிருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம், 499ஆம் பிரிவு, மூன்றாவது விளக்கம்: இதுவோ அதுவோ என்று எழுதினாலும், எகத்தாளமாக எழுதினாலும் அவதூறு ஆகலாம். இரண்டு வருஷம் வரை சிறை. உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் அந்தப் பிரிவு செல்லும் என்று உறுதி செய்துவிட்டது. (2024 ஜூலையிலிருந்து இதுவே புதிய சட்டத்தின் 356ஆம் பிரிவு. சமூக சேவை என்று ஒரு தண்டனையையும் சேர்த்திருக்கிறார்கள்.) அவரே இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994இல் வந்த தீர்ப்பு. அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது, பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம் என்ற பகுதியை எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை பற்றிச் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது என்று அதே தீர்ப்பில் இருப்பதை ஐந்து வருஷம் கழித்து அன்றுதான் படித்தேன். அம்புஜத்தின் மொத்தச் சரக்கே அந்த மூன்றும்தான்.

உடனே விட்டேன் என்று எழுத ஆசை. விடவில்லை. ஹாஸ்டலை விட்டு வாடகை வீட்டுக்கு மாறியிருந்தேன், 42,000 ரூபாய் சம்பளம், தம்பி காலேஜ் ஃபீஸ். இன்னும் பத்து மாதம் ஓட்டினேன். பி.ஆர்.ஓ. தருகிற ஒப்புதல் கிசுகிசு மட்டும் எழுதினேன், திரையில் எண் குறைந்தது, ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். பிறகு ஒரு கல்விப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்தது, போய்விட்டேன். நட்சத்திரம் எத்தனை என்று கேட்பீர்கள். கைப்பழக்கத்துக்கு, வேகத்துக்கு, சுருங்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல பட்டறை கிடையாது, அதற்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். கிசுகிசு எழுதித்தான் தீர வேண்டும் என்றால் சொந்தப் பெயரில் எழுதிப் பாருங்கள். பாதி வாக்கியங்கள் தாமாகவே நின்றுவிடும். மீதியை எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியாது, நான் அப்படி எழுதிப் பார்த்ததில்லை.

அம்புஜம் இப்போது நாலாவது கைக்குப் போயிருக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சலிப்போடு போனைக் கட்டிலில் போட்டாள்.

"முந்தி மாதிரி ருசியே இல்ல. அந்தப் பழைய அம்புஜம் செத்துப் போயிட்டாளாம்."

"யாரு சொன்னா?" என்றேன்.

"சொல்லுதாவ."