உளி தீட்ட கல்லா, பேப்பரா? ரொம்ப நாளா பேப்பரோட மல்லுக்கட்டுறவன் சொல்றேன்

உளி தீட்ட தண்ணிக்கல்லு (தண்ணி விட்டுத் தீட்டுற கல்லு) வாங்கலாமா, இல்ல கண்ணாடி மேல வாட்டர் பேப்பர் (தண்ணில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள்) ஒட்டித் தீட்டுறதே போதுமான்னு நண்பன் ஒருத்தன் கேட்டான், அவனுக்குச் சொன்னதுதான் இது. 220 நம்பர் முரட்டு பேப்பர்ல ஆரம்பிச்சு 2000 நம்பர் நைஸ் பேப்பர் வரைக்கும் போய் கடைசியா தோல் வார்ல இழுக்கிறதெல்லாம் அவனுக்கே தெரியும், அத விட்டுடுவோம்.

கூர் வருமான்னா தாராளமா வரும். 2000 நம்பர் (P2000) பேப்பர்ல துகள் சுமாரா 10 மைக்ரான், அதுக்கப்புறம் பச்சை பாலிஷ் தடவின தோல்ல நாலு இழுப்பு இழுத்தா போதும், பைன் மாதிரி மெத்துன்னு இருக்கிற மரத்துல குறுக்க அறுத்த முனைய சீவினாலும் நார் நசுங்காம பளபளன்னு வருது. புது உளியோட தட்டைப்பக்கத்த சமப்படுத்துறதுக்கு இத விட சௌகரியம் கிடையாது, கல்லு தேயத் தேய நடுவுல குழி விழும், கண்ணாடி அப்படியே இருக்கும், தேஞ்ச பேப்பரைத்தான் மாத்தப்போறோம்.

அந்த மாத்துறதுலதான்யா எனக்கு உயிர் போகுது. ஸ்ப்ரே பசை அடிச்சு ஒட்டுனா அடியில எங்கயாவது கடுகளவு பசை திரண்டு நிக்கும், உளி கரெக்டா அங்க போய் மாட்டி பேப்பரை சர்ருன்னு கிழிக்கும், அதுவும் 6 மி.மீ உளின்னா சொல்லவே வேணாம், உழுதுட்டுப் போயிடும். சரி பசையே வேணாம் வெறும் தண்ணிய தெளிச்சு ஒட்டலாம்னா உளிய முன்னால தள்ளும்போது பேப்பர் லேசா எழும்பி உளியோட கூர் நுனிய உருட்டி மழுக்கி விட்டுடும், அதனால நைஸ் பேப்பர்ல பின்னால இழுக்க மட்டும்தான் முடியும், கல்லுல முன்னயும் பின்னயும் ஓட்டுற சுகம் இதுல இல்ல. பழசை உரிக்கிறது அதுக்கு மேல கொடுமை. மேல்தாள் மட்டும் கையோட வரும், அடித்தாளும் பசையும் கண்ணாடியிலயே இருக்கும், பிளேடு வச்சு சுரண்டி மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கணும், கொஞ்சம் மிச்சம் வச்சாலும் அடுத்த பேப்பருக்கு அதே மேடு. பின்னால பசை வச்சே வர்ற லேப்பிங் ஃபிலிம் (தீட்டுற துகள் பூசின மெல்லிசு பிளாஸ்டிக் தாள்) எவ்வளவோ தேவலை, ஆனா காத்துக்குமிழ் இல்லாம ஒட்ட தனிப் பொறுமை வேணும்.

நியாயமா பார்த்தா குறை பேப்பர்ல இல்லதான். வருஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு உளி தீட்டுறவனுக்கு இத விட சிக்கனமா ஒண்ணும் அமையாது. தினம் மரவேலை செய்றவனுக்கு, அதுவும் A2, D2 மாதிரி முரட்டு இரும்பு வச்சிருந்தா, பேப்பர் கண்ணு முன்னாடியே தேயும், கணக்குப் போட்டா கல்லு வாங்குற காசு பேப்பருக்கே எப்பவோ போயிருக்கும். கூர்ல ஒரு குறையும் சொல்ல முடியாத முறைய வேணாம்னு சொல்றது எனக்கே ஒரு மாதிரியாதான் இருக்கு, ஆனா இன்னிக்கு காலைல பூரா பசை சுரண்டிட்டு வந்து உக்காந்திருக்கேன், வேற என்ன சொல்வேன். கல்லே வாங்கிக்கோடா. கண்ணாடியையும் 220 பேப்பரையும் மட்டும் தூக்கிப் போட்டுடாத, கல்லுல குழி விழுந்தா சமப்படுத்த அதுதான் வேணும்.