களத்து ஓரம் பிடித்த ராணி எறும்பு: மெஸ்ஸரா, பெய்டோலேவா, வேறா?

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் கோடை மழைக்குப் பிறகு வரப்பிலும் களத்து ஓரத்திலும் இறக்கை உதிர்த்த ராணி எறும்புகள் ஓடுவதைப் பார்க்கலாம். அதை டெஸ்ட் டியூப்பில் பிடித்து வைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் பெயர் மெஸ்ஸர், அதாவது விதை சேர்க்கும் அறுவடை எறும்புப் பேரினம் ஒன்று. வெளிநாட்டு வீடியோக்கள் செய்யும் வேலை அது. அவற்றில் வரும் மெஸ்ஸர் பார்பாரஸ், தெற்கு ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. இந்தியாவிலும் மெஸ்ஸர் உண்டு, ஆனால் மெஸ்ஸர் ஹிமாலயானஸ் போன்றவை வடக்கத்தியவை. இன்னொரு அறுவடை எறும்பான போகோனோமைர்மெக்ஸுக்கோ அமெரிக்கக் கண்டங்கள்தான் ஊர். தர்மபுரி செம்மண்ணில் கிடைத்த ராணிக்கு இந்த இரண்டையும் கடைசியில் யோசித்தால் போதும்.

அடுத்து இடுப்பைப் பாருங்கள். ஒரே ஒரு முடிச்சு இருந்தால் அது கட்டெறும்பு வகையாக இருக்கலாம், அறுவடை எறும்பு இல்லை. இரண்டு முடிச்சு இருந்தால் மேலே போகலாம்.

நம் பக்கம் விதை சேர்ப்பவற்றில் குழப்பம் தருபவை மூன்று: ட்ரைக்கோமைர்மெக்ஸ், பெய்டோலே, சொலெனாப்சிஸ் ஜெமினாட்டா என்ற நெருப்பெறும்பு. இந்த மூன்றாவது அமெரிக்காவிலிருந்து பரவியது, ஆனால் ராகி, சாமை என்று தானியம் இழுப்பதில் உள்ளூர் எறும்புக்குச் சளைத்ததல்ல. மெரனோப்ளஸும் விதை எடுக்கும், ஆனால் உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம் இருப்பதால் அதைப் பிரித்தறிவது எளிது.

நிறத்தை வைத்தும் அளவை வைத்தும் முடிவு கட்டுவது வீண். பெய்டோலேயில் மட்டுமே பல இனங்கள், அவற்றின் ராணிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. பக்கத்தில் உமி வளையம் போட்ட புற்று இருந்ததும் சாட்சி ஆகாது. ராணி பறந்து வந்து இறங்கியது, அந்தப் புற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

நம்பத் தகுந்தவை இரண்டு அடையாளங்கள். முதலாவது, மார்பின் பின்முனையில், இடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு ஜோடி முள். பெய்டோலேயில் பெரும்பாலும் இருக்கும், மற்ற இரண்டிலும் இருக்காது. பக்கவாட்டுப் படம் ஒன்று நன்றாக விழுந்தால் இந்தக் கேள்வி முடிந்துவிடும். இரண்டாவது, உணர்கொம்பின் நுனி. சொலெனாப்சிஸில் கடைசி இரண்டு கணுக்கள் தடித்துத் தனியாகத் தெரியும். ட்ரைக்கோமைர்மெக்ஸில் கடைசி மூன்று கணுக்கள் மெதுவாகப் பருக்கும். இதைப் பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும், மொபைல் மேக்ரோவும் சமாளிக்கும். ராணி நிற்காமல் ஓடினால் டியூப்பைச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஓட்டம் அடங்கும். ஃப்ரீசர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் பேரினம் வரைதான். இனப் பெயருக்கு வேலைக்கார எறும்புகள் வந்தாக வேண்டும் என்பது என் கட்சி. பெய்டோலேயில் பெரிய தலைச் சிப்பாய் பிறக்காமல் இனத்தைச் சொல்வது அநேகமாக ஊகமே. அதன் வேலைக்காரர்கள் இரண்டே அளவில் இருப்பார்கள்: சின்னது, சிப்பாய். ட்ரைக்கோமைர்மெக்ஸ் ஸ்காப்ரிசெப்ஸிலும் நெருப்பெறும்பிலும் சின்னதிலிருந்து பெரியது வரை இடைப்பட்ட அளவுகள் எல்லாம் இருக்கும். ஸ்காப்ரிசெப்ஸின் தலையில் நெடுக நுண்ணிய வரிகள் ஓடும், லென்ஸில் சொரசொரப்பாகத் தெரியும். ஆனால் முதல் ஈட்டில் பிறப்பவை எல்லாம் குட்டையாகத்தான் இருக்கும், அவற்றை மட்டும் பார்த்து அளவு பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பழைய நூல்களில் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்காப்ரிசெப்ஸ், இந்தியப் பகுதி எறும்புகள் பற்றி 1903இல் வந்த பிங்ஹாமின் நூலில் ஹோல்கோமைர்மெக்ஸ் என்ற பெயரில் இருக்கும். பிறகு மோனோமோரியம் ஆனது, 2015க்குப் பிறகுதான் ட்ரைக்கோமைர்மெக்ஸ்.

வேலைக்காரர்கள் பிறக்கும் வரை டியூப்பில் "பெய்டோலே, இனம் தெரியவில்லை, பென்னாகரம்" என்று தேதியோடு ஒட்டி வையுங்கள். நெருப்பெறும்பு என்று சந்தேகம் வந்தால் பஞ்சை இறுக்கமாக அடையுங்கள், வேலைக்காரர்கள் வெளியே வந்தால் கொட்டும். வளர்க்கப் பிடிக்கவில்லை என்று வேறு ஊர் வயலில் கொண்டுபோய் விடவும் கூடாது.